விசாலம் மாமி இடம் பார்த்த கடல்

அந்தச் செய்தி என் காது வழியாகத்தான் ஆபீசுக்குள் வந்தது. டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு வழி கிடையாது. கல்யாணம், கருமாதி, பிரமோஷன், மாற்றல் எல்லாம் எங்கள் காதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். அன்றைக்குக் காலையில் முதல் சாயாகூட வரவில்லை. "அட்மினிஸ்ட்ரேஷன் கொடுங்கோ" என்றது ஓர் ஆண் குரல். யாரென்று கேட்டேன். "விசாலாக்ஷியோட பையன், பாலு. அம்மா விடியறச்சே போயிட்டா" என்றார். வாய்ப் பழக்கத்தில் "ஒரு நிமிஷம் இருங்க, லைன் தாறேன்" என்று சொல்லி ஒயரைச் செருகிவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. போர்டில் நாலைந்து விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. மின்னட்டும் என்று ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் மாமியை அமைதியானவர், அடக்கமானவர், இருக்கும் இடம் தெரியாதவர் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அடக்கமாவது! ஒரு கப்பல் நிறைய ஆம்பளைகளைக் கரையில் வாய் பிளந்து நிற்க வைத்தவர் அவர். நம் ஆபீஸ் மன்ற மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது நான் உடனே சம்மதித்ததற்குக் காரணம் அதுதான். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே படியுங்கள். தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் பம்பாயில், செம்பூரில். கடலை ஆராய்கிற விஞ்ஞானிகள் எழுதித் தருவதை அறிக்கையாக அடித்துக் கொடுக்கிற பிரிவுக்கு விசாலம் மாமி தலைமை டைப்பிஸ்ட். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்தது மாட்டுங்கா, வாழ்க்கைப்பட்டது செம்பூர். கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட, டைப்ரைட்டரை வைத்தே ஒரு பையனை ஆளாக்கினார். நான் ஜமீலா, தாராவிக்காரி. என் வாப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். டைப்பிங் ரூமுக்கும் என் போர்டு ரூமுக்கும் நடுவில் ஒரு மரத் தடுப்புதான். அவருடைய மிஷின் சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவருக்கு என்ன மனநிலை என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன மாமி என்று கேட்டேன். "இன்னிக்கும் பவளப்பாறைதான் அடிச்சேன்" என்றார். "மூளையாட்டம் ஒரு பாறையாம். மான் கொம்பாட்டம் ஒண்ணாம். கிளிமூக்கு வச்ச மீனாம், அது பாறையையே கடிச்சுத் திங்குமாம். எத்தனை வருஷமா அடிக்கறேன், கேட்டியோ? எல்லாம் நிஜமா, இல்லை இவா கதை விடறாளான்னு ஒரு தடவை இந்தக் கண்ணால பாத்துடணும் ஜமீலா. பாக்காமலே ரிட்டயர் ஆனேன்னு வை, எதையுமே தெரிஞ்சுக்காம சாட்சிக் கையெழுத்துப் போட்டவ மாதிரி ஆயிடுவேன்." அதைச் சொன்னபோது அவர் குரலில் வேடிக்கை இல்லை. எனக்கு அது மனதில் தைத்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாமியிடம் எச்சில் பார்க்கிற வழக்கம் உண்டு. கொஞ்சநஞ்சமல்ல. எவர்சில்வர் டம்ளரை அண்ணாந்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுவார், ஒரு சொட்டு சிந்தாது. ஓடுகிற லோக்கல் ரயிலில்கூட அப்படித்தான். யாருடைய டம்ளரிலும் உதடு வைத்து நான் பார்த்ததில்லை. சொந்தப் பையன் குடித்த டம்ளரையும் கழுவாமல் எடுக்க மாட்டார் என்று சொல்வார்கள். இருந்தாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. தாராவித் துலுக்கச்சி தொட்ட தண்ணீர் என்பதால் கூடுதலாக ஓர் அங்குலம் தூக்குகிறாரோ என்று நான் ஓரக்கண்ணால் அளந்த நாட்களும் உண்டு. கேட்டதில்லை. கேட்டால் சண்டை வரும், எனக்கு வாய் நீளம்.

அப்படியிருக்கும்போது எங்கள் பொழுதுபோக்கு மன்றம் எல்.டி.சி. விடுப்பில், அதாவது ஆபீஸ் செலவில் ஊர் சுற்றுகிற விடுப்பில், ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்தது. கொச்சி வரை ரயில், அங்கிருந்து லட்சத்தீவுக்குக் கப்பல். ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் ஒவ்வொரு தீவாக இறங்கிப் பார்ப்பது. மன்றச் செயலாளர் நாராயணன் சார் நோட்டீசைப் படித்தார்: முகத்தில் கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறக் கிடந்து கடலடியைப் பார்க்கலாம், அதற்கு ஸ்நார்க்கெலிங் என்று பெயர். மாமியின் மிஷின் சட்டென்று நின்றது. நாராயணன் சார் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "லேடீஸுக்கு அது சரிப்படாது. யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? லேடீஸ் கரையில சோழி பொறுக்கலாம், ரொம்ப அழகா இருக்குமாம்" என்றார். மாமி எழுந்து நின்றார். "சோழி பொறுக்கறதுக்கு நேக்கு ஜுஹு பீச் போதும் சார். எதுக்குக் கப்பல்?" என்றார். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அடுத்த பெயராக என்னுடையதையும் என்னைக் கேட்காமலே கொடுத்தார்.

எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. அதைப் பற்றி மாமி கவலைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூர் வீட்டுக் குளியலறையில் ஒரு பக்கெட்டை நிரப்பி, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை வாயில் வைத்து, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கிப் பழகினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை பாலு உள்ளே வந்து, "அம்மா! என்ன பண்றே!" என்று அலறிவிட்டார். மாமி தலையைத் தூக்காமல் கையை மட்டும் ஆட்டி அவரை வெளியே போகச் சொன்னார். சேலையோடு கடலில் இறங்க முடியாது என்று நான் என் பழைய சல்வார் கமீஸ் ஒன்றைக் கொண்டு போனேன். கதவைச் சாத்திவிட்டுப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்று, "அடீ, பஞ்சாபிக்காரி மாதிரின்னா இருக்கேன்!" என்று சந்தோஷப்பட்டார். தாராவியில் டயர் கடை வைத்திருக்கும் என் காக்கா, அதாவது அண்ணன், ஒரு லாரி டியூபை ஒட்டுப் போட்டுக் காற்றடித்து, நீளமான கயிறும் கட்டிக் கொடுத்தார். "ரெண்டு பேரும் இதைப் பிடிச்சுக்கிட்டா கடல் என்ன செஞ்சிரும்? பிந்தாஸா, பயமில்லாம போயிட்டு வாங்க" என்று சொல்லிக் காற்றை இறக்கிச் சுருட்டிக் கொடுத்தார்.

முதல் தீவில் நாங்கள் செய்த தப்பைப் பம்பாய்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். மாஹிம் காடி என்கிற கழிமுகத்தின் கறுப்புத் தண்ணீரை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியே வயதானவர்கள் நாங்கள். எங்களுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தால் அதுவே சொர்க்கம். படகில் போகும்போது கடல் ஒரே நிறமாக இல்லை. ஓரிடத்தில் பாலில் பச்சையைக் கரைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. வேறு இடங்களில் திட்டுத் திட்டாகக் கறுத்துக் கிடந்தது. "அங்க ஏதோ அழுக்கு கலந்திருக்கு, அந்தப் பக்கம் போக வேண்டாம்" என்று ஆளாளுக்குச் சொன்னோம். மாமியும்தான் சொன்னார். பளபளக்கிற இடத்தில் ஆசை ஆசையாக இறங்கி, ஒரு நிமிஷம் கடன் வாங்கிய கண்ணாடியை முகத்தில் அழுத்திப் பார்த்தால், வெறும் மணல்! வெள்ளை மணல், நடுவில் கறுப்பாகத் தடித்த புடலங்காய் மாதிரி ஏதோ ஒன்று அசையாமல் கிடந்தது. "இதுக்கா பக்கெட்ல மூச்சு முட்டினேன்?" என்றார் மாமி.

இரண்டாம் தீவில் கடல் கொந்தளிப்பு. பெரிய கப்பல் வெளியே நிற்கும். சின்னப் படகுகளில்தான் தீவுக்குப் போக வேண்டும். அன்றைக்கு யாரையும் இறக்கவில்லை. எல்லாரும் கீழே சீட்டாடப் போய்விட்டார்கள். மாமி மட்டும் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். "ஜமீலா, அங்க தூரத்துல மீன் பிடிக்கறா பாரு. ஒருத்தனாவது அந்த வெள்ளைத் தண்ணில நிக்கறானா?" என்று கேட்டார். பார்த்தேன். ஒருவரும் இல்லை. எல்லாப் படகும் கறுத்த திட்டுகளின் ஓரத்திலேயே நின்றன. "அழுக்கு இல்லைடீ அது. அங்கதான் எல்லாம் இருக்கு. நாமதான் மாஹிமைப் பாத்த கண்ணால இதையும் பாத்துட்டோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "சில கறுப்பு மேக நெழலாவும் இருக்கலாம்லா மாமி?" என்றேன். "இருக்கலாம். அதுக்குத்தான் காபி" என்றார். ஒரு திட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு நிதானமாகக் காபி குடிப்பது. குடித்து முடித்த பிறகும் அது அதே இடத்தில் இருந்தால் பாறை, நகர்ந்திருந்தால் மேகம். இப்படி அன்றைக்கு அவர் குடித்த காபிக்குக் கணக்கில்லை.

மூன்றாவது தீவுதான் கடைசி. சாயங்காலம் கப்பல் கொச்சிக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு விட்டால் மாமிக்கு வேறு வாய்ப்பு கிடையாது. நாராயணன் சார் கரையில் நின்று கண்ணாடிகளையும் குழாய்களையும் பங்கு போட்டார். ஆண்களுக்குக் கொடுத்தது போக ஒரே ஒரு ஜோடி மிஞ்சியது. மாமி கையை நீட்டினார். "மாமி, கோவிச்சுக்காதீங்கோ. முட்டளவு தண்ணியைத் தாண்டக் கூடாது, வெள்ளைப் பக்கம் மட்டும்தான்" என்று சொல்லிக் கொடுத்தார் அவர். கூட்டி வந்த வழிகாட்டியும் நீச்சல் தெரியாதவர்களுக்கு அதுதான் பத்திரம் என்றார். ஆண்கள் எல்லாம் விசில் அடித்துக்கொண்டு வெள்ளைத் தண்ணீருக்கு நடந்தார்கள். மாமி அவர்கள் மறையும்வரை பொறுத்தார். பிறகு கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு தீவுக்காரரிடம் நேராகப் போய், பாலக்காட்டு மலையாளத்தை எடுத்துவிட்டார். நான் ஸலாம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோயா என்று பெயர். பேசி முடிப்பதற்குள் அவர் படகில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம், காக்காவின் டியூபும் காற்றோடு தயாராக இருந்தது.

"எங்கே போகணும்?" என்று கேட்டார் கோயா. மாமி சூரியனைப் பார்த்தார், கண் கூசாமல் அது முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி படகைத் திருப்பச் சொன்னார், பிறகு ஒரு கறுத்த திட்டைக் காட்டினார். கிட்டே போனதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தாதரில் வாங்கிய குர்முரா, நம் பொரிதான். ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டார். அது சர்ரென்று வெளிக்கடலைப் பார்த்து ஓடியது. "இது வேண்டாம். இங்க எறங்கினா நாமளும் அப்படித்தான் போவோம்" என்றார். கோயா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் பாறைக்கு நடுவில் ஒரு வாசல் இருக்கிறதாம், தண்ணீர் அது வழியாக இழுக்குமாம். அடுத்த திட்டில் பொரி மெல்ல மெல்லக் கரைப் பக்கமாகவே நகர்ந்தது. கரை ஓரத்தில் நிற்கிற ஆழத்துக்கு வெள்ளை மணலும் தெரிந்தது. "ரயில்ல ஏறறச்சேயே எந்தப் பக்கம் எறங்கணும்னு பாக்கணும். கடல்ல எறங்கறச்சேயே எந்தப் பக்கம் ஏறணும்னு பாக்கணும். இங்க ரெண்டும் சரியா இருக்கு" என்றார் மாமி. பம்பாய் லோக்கல் ரயிலில் முண்டியடித்துக் கற்ற பாடம் அது.

டியூபின் கயிற்றைப் படகில் கட்டியாயிற்று. மாமி கண்ணாடியைக் கையில் எடுத்தார். எனக்குத் திடீரென்று பயம் வந்தது. எனக்காக இல்லை. "மாமி, கொஞ்சம் பொறுங்க. நான் முதல்ல இறங்கிப் பாக்கேன். எடம் சரியில்லைன்னா நீங்க இறங்காண்டாம்" என்றேன். கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, டியூபைக் கட்டிப்பிடித்தபடி சரிந்தேன். முகத்தை முக்கினால் ஒன்றுமே தெரியவில்லை! வெந்நீர் போட்ட குளியலறைக் கண்ணாடி மாதிரி உள்ளே ஆவி படர்ந்துவிட்டது. தலையைத் தூக்கிக் கத்தினேன். கோயா ஏதோ சொன்னார். அதுவரை அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் உடனுக்குடன் தமிழாக்கிச் சொன்ன மாமி, இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"என்ன சொல்லுதாரு மாமி?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா அவ்வளவு நேரம் பேசினாரு?"

மாமி கடலைப் பார்த்தார். கோயாவுக்குப் பொறுமை போய்விட்டது. தன் உள்ளங்கையைக் கண்ணாடி மாதிரி முகத்துக்கு நேரே பிடித்து, அதில் 'தூ' என்று துப்பி, விரலால் தேய்த்து, கழுவிக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் யோசிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி நன்றாகத் துப்பித் தேய்த்துக் கடல் நீரில் அலசி மாட்டிக்கொண்டேன். மறுபடி முகத்தை முக்கினேன்.

அல்லாஹ்! அதை எப்படிச் சொல்வேன். கீழே ஒரு ஊரே இருந்தது. மாமி சொன்ன மூளை இருந்தது, மேஜை அளவுக்கு. மான் கொம்பு நுனி நுனியாக ஊதா நிறத்தில் நின்றது. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் எங்கள் குர்முராவைத் தேடி என் மூக்குக்கு முன்னாலேயே வந்தன. நான் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டு, "மாமீ! இருக்கு மாமி! எல்லாம் இருக்கு!" என்று கத்திய கத்தலில் கோயா சிரித்துவிட்டார். படகில் ஏறியதும் கண்ணாடியையும் குழாயையும் அவரிடம் நீட்டினேன். நீட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் எச்சில் பூசிய கண்ணாடி. என் வாயில் இருந்த குழாய். வேறு ஜோடி கிடையாது. கண்ணாடியில் அதற்குள் மறுபடியும் ஆவி படர்ந்துவிட்டது. மாமி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். எனக்குள் இத்தனை வருஷமாக இருந்த முள் குத்த ஆரம்பித்தது. இதோ, இப்போது குழாயைப் பத்து தடவை கழுவப் போகிறார், இல்லாவிட்டால் தலைவலி என்று சொல்லித் திரும்பப் போகிறார், எதைச் செய்தாலும் நான் இவரிடம் இனி பேசப் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாமி கண்ணாடியைத் தூக்கி உதட்டருகே கொண்டுபோனார். துப்பப் பார்த்தார். வரவில்லை. மறுபடி முயன்றார். பிறகு அதை என்னிடமே நீட்டினார்.

"நேக்குப் பயத்துல நாக்கு வறண்டு போச்சுடீ. நீயே இன்னும் கொஞ்சம் துப்பு. நன்னாத் துப்பு. கடைசி தீவு, மங்கலாத் தெரிஞ்சுடப் போறது!"

நான் துப்பினேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் சரியாகக்கூடத் துப்ப வரவில்லை. மாமி அதைத் தேய்த்து அலசி மாட்டிக்கொண்டார். குழாயைக் கழுவவில்லை, அப்படியே வாயில் கவ்விக்கொண்டு, என் சல்வார் காற்றில் உப்ப, டியூபைப் பிடித்தபடி இறங்கிவிட்டார்.

அவர் முகம் தண்ணீருக்குள் போனது. குழாயின் நுனி மட்டும் மேலே தெரிந்தது. போனவர் தலையைத் தூக்கவே இல்லை. பயந்துபோய்க் கயிற்றை இழுத்தேன். ஒரு கை மேலே வந்து, பாலுவை விரட்டிய மாதிரியே என்னையும் சும்மா இருக்கச் சொன்னது. கோயா பீடி பற்ற வைத்து, குடித்து முடித்துவிட்டார். கடைசியில் மாமி தலையைத் தூக்கினார். கண்ணாடி அழுத்திய தழும்பு முகத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. தலைமயிர் பிரிந்து ஒட்டிக் கிடந்தது. அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"எல்லாம் நிஜம்டீ ஜமீலா! ஒரு எழுத்து பொய்யில்லை!" என்று கத்தினார். மூச்சு வாங்கியது. "ஆனா ஒண்ணை விட்டுட்டா. சத்தத்தை யாருமே எழுதலை! நீ கேட்டியோ? அந்தக் கிளிமூக்கு மீன் பாறையைக் கடிக்கறது, நன்னாக் கேக்கறது! கடலுக்கு அடில யாரோ நறுக்கு நறுக்குன்னு முறுக்கு திங்கற மாதிரி!" நான் பிடுங்கி மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினேன். கேட்டது. முறுக்கேதான்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. கரையில் சோழி பொறுக்கிக்கொண்டிருந்த மற்றப் பெண்களைக் கோயா இருவர் இருவராகக் கூட்டி வந்தார். அதே கண்ணாடி, அதே குழாய். மாட்டுங்காவின் ஆசாரமான வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த காட்சியை அவர்கள் வீட்டார் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். எங்கள் கூச்சல் கரைவரை கேட்டு நாராயணன் சாரும் மற்றவர்களும் வந்து நின்றார்கள். அவர்கள் காலையிலிருந்து பார்த்தது மணலும் அந்தக் கறுப்புப் புடலங்காயும்தான். "மாமி, எங்க இருக்கு அந்த எடம்? நாங்களும் வரலாமா?" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டார் அவர். மாமி படகில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். "வரலாம் சார். ஆனா கண்ணாடியில துப்பணும்" என்றார். "துப்பறதா!" என்று அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு துப்பினார். எல்லாரும் கை தட்டினோம். மாமியும் தட்டினார்.

ஊருக்கு வந்து முதல் திங்கட்கிழமை, ஆபீசில் மாமி டம்ளரை எடுத்து வழக்கம்போல அண்ணாந்து ஒரு சாண் உயரத்திலிருந்து குடித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் மாமி, என் எச்சியைக் கண்ணாடியில பூசிக்கிட்டீங்க, என் குழாயை வாயில வச்சீங்க, இப்ப என்ன மறுபடியும் அண்ணாந்து?" என்று கேட்டே விட்டேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. மாமி டம்ளரைக் கீழே வைத்தார். "அவ்வளவு தண்ணில என்னடீ எச்சில்? அது கடல். இது கரை. கரைக்கு வந்தா கரைச் சட்டம். என் பிள்ளை டம்ளர்ல வாய் வைக்காதவ, நோக்கு மட்டும் தனியாச் சலுகை வேணுமாக்கும்?" என்றார். அந்த 'பிள்ளை'யும் 'நோக்கு மட்டும்' என்பதும் ஒரே மூச்சில் வந்தன. முள் எங்கே போனது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் அங்குலம் அளக்கவில்லை.

அந்த வாரமே பவளப்பாறை பற்றி அடுத்த அறிக்கை அவர் மேஜைக்கு வந்தது. மாமி தாளை மிஷினில் சொருகாமல், எழுதியவரின் அறைக்கு எழுந்து போனார். "சார், சத்தத்தை விட்டுட்டேளே" என்றார். அவர் விழித்தார். மாமி பல்லைக் கடித்து அந்த மீன் மாதிரி செய்து காட்டினாராம். அவர் விழுந்து விழுந்து சிரித்து, "ஆமாம் அம்மா, விட்டுத்தான் போச்சு" என்று ஒப்புக்கொண்டு, அங்கேயே ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். அந்த வரியை மாமி அடித்த சத்தம் தடுப்பைத் தாண்டி என் போர்டுக்கே கேட்டது.

பிறகு அவர் புகழ் பரவிவிட்டது. மாட்டுங்காவில், செம்பூரில் யார் தீவுப் பக்கம் கப்பலேறினாலும் முதலில் எங்கள் ஆபீசுக்குத்தான் போன் வரும்: "கடல்ல எடம் பாக்கற மாமி இருக்காளா?" நான் லைன் கொடுப்பேன். கொடுத்துவிட்டு ஒட்டுக் கேட்பேன்; எங்கள் வேலையில் அது ஒரு சுகம். "பளபளன்னு இருக்கற எடத்துக்கு மயங்காதீங்கோ" என்பார். "ஒரு காபி குடிக்கற நேரம் பொறுத்துப் பாருங்கோ" என்பார். "பொரி எந்தப் பக்கம் போறதோ அந்தப் பக்கம்தான் நீங்களும் போவேள், அதைப் பாத்துட்டு எறங்குங்கோ. பவளத்து மேல காலை ஊனாதீங்கோ, அது உசிரோட இருக்கு" என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "துப்ப வெக்கப்படாதீங்கோ" என்பார். திரும்பி வந்தவர்கள் போனில் கூவுவார்கள். மாமி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துச் சிரிப்பார்.

உடம்புக்கு முடியாமல் போனபோது செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாலுவுக்கு ஐரோலிப் பக்கம் தொழிற்சாலையில் வேலை. அவர் வேலைக்குப் போகிற பகல் வேளைகளில் நான் போய் உட்காருவேன். டம்ளரைத் தூக்கக் கையில் தெம்பில்லை, கழுத்தும் நிமிரவில்லை. அண்ணாந்து குடிக்காமல் குடிக்க மாட்டேன் என்று நர்சுகளோடு ஒரே ரகளை. கடைசியாக நான் போன மத்தியானம் வெளியே ஓர் இளநீர் வாங்கி, ஒற்றை ஸ்ட்ராவோடு கொண்டுபோனேன். மாமி ஸ்ட்ராவைப் பார்த்தார். "இதுவும் குழாய்தானே" என்றார். பிறகு, "நீ முதல்ல குடிச்சுப் பாரு, இனிப்பா இருக்கான்னு" என்றார்.

"மாமி, கரைச் சட்டம்?"

"குடிடீ."

ஒரு வாய் இழுத்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. நீட்டினேன். கழுவச் சொல்லவில்லை, துடைக்கச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து எடுத்த குழாயை அப்படியே உதட்டில் வைத்து, சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கவனித்துவிட்டார். "அசடே, எதுக்கு அழறே?" என்றார். "அன்னிக்கு நீ முதல்ல எறங்கிப் பாத்தே, இல்லையோ? இந்தத் தடவை நான். நீ மெதுவா வா. நான் எடம் பாத்து வைக்கறேன்."

என்னிடம் மிஞ்சியிருப்பது என்ன என்று கேட்டால், அந்த சல்வார் இருக்கிறது. துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தார், நான் அதை மறுபடி போடவில்லை. காக்காவின் டியூப், ஒட்டுக்கு மேல் ஒட்டாகத் தாராவியில் தொங்குகிறது. எதையும் அவசரமாக நல்லது கெட்டது என்று முடிவு கட்டாமல் ஒரு காபி குடிக்கும் நேரம் பொறுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. என் கோபத்துக்கு அது பெரிய மருந்து. போர்டில் விளக்கு மின்னும்போதெல்லாம், மாமியாக இருக்குமோ என்று ஒரு கணம் கை தயங்குகிறது.

பயமில்லை. அவரை எனக்குத் தெரியும். போன இடம் சரியில்லை என்றால் மாமி அங்கே ஒரு நிமிஷம் நின்றிருக்க மாட்டார். யாரோடாவது மலையாளத்தில் சண்டை போட்டு, ஒரு படகைப் பிடித்து, எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டே திரும்பி வந்திருப்பார். இன்னும் வரவில்லை. நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்.